சாவி போடுகிறவள்

வண்டி கிளம்பவில்லை என்றால் ஒருவர் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்ப வேண்டும். இன்னொருவர் வெளியே நின்று எஞ்சினுக்குள் தலையை விட வேண்டும். உள்ளே உட்கார ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்தால் கட்டுப்படியாகாது என்பது மெக்கானிக்குக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரிந்திருந்தது. கல்யாணமான மறு வாரமே பெண்டாட்டியை ஓட்டுநர் இருக்கையில் ஏற்றினான். அன்றிலிருந்து அவள் பெயர் சாவி. ஷெட்டுக்கு வருகிறவர்களில் சின்னவர்கள் சாவி அக்கா என்றார்கள், பெரியவர்கள் சாவிம்மா என்றார்கள். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் கூப்பிட்டவர் போய்விடுவார்.

ஷெட்டுக்குப் பின்னால் ஒற்றை அறை. அதுதான் வீடு. கதவு ஷெட்டுக்குள்தான் திறக்கும். சோற்றுப் பானையைத் திறந்தால் கிரீஸ் வாசனை, தலையணையைப் புரட்டினால் கிரீஸ் வாசனை.

"அடி" என்றால் சாவியைத் திருப்ப வேண்டும், "விடு" என்றால் விட வேண்டும். எஞ்சின் பிடித்துக்கொண்ட பிறகும் சாவியை விடாமல் இருந்தால் இரும்புப் பல்லும் இரும்புப் பல்லும் உரசிக் கத்தும். முதல் நாளே கத்தியது. புருஷன் வந்தான். திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கையை விட்டு அறைந்தான். திரும்பிப் போய் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தான். அவன் முகத்தில் கோபம்கூட இல்லை. லூஸாக இருந்த நட்டை முடுக்கியவன் முகம்போலத்தான் இருந்தது.

அதன்பின் வண்டியில் ஏறியதும் அவள் செய்கிற முதல் காரியம் கண்ணாடியை ஏற்றுவது. வெயிலில் நின்ற வண்டியென்றால் உள்ளே வெந்துபோவாள். ஆனாலும் ஏற்றுவாள். கண்ணாடி ஏறியிருந்தால் அவன் சுற்றி வந்து கதவைத் திறக்க வேண்டும். அதற்குள் சில சமயம் கோபம் வேறு எதன் மீதாவது இறங்கிவிடும். பல சமயம் இறங்காது. உதடு கிழிந்திருக்கிறது. இடது காது ஒரு மழைக்காலத்திலிருந்து கேட்பதில்லை. தள்ளிவிட்டதில் கொதிக்கிற சைலன்சர் மேல் விழுந்து முழங்கைத் தோல் உரிந்திருக்கிறது. அன்று அந்த வண்டியைக் கிளப்பிக் கொடுத்த பிறகுதான் மருந்து போட்டார்கள்.

அவளுடைய அண்ணன் ஒயர்மேன். பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் இருந்தான். மேலதிகாரியின் மூக்கை உடைத்துவிட்டு, அடுத்த வேலை கிடைக்கும்வரை தங்கிக்கொள்வதாகச் சொல்லித் தங்கச்சி வீட்டுக்கு வந்தான். வந்த அன்றே பார்த்துவிட்டான். ஒரு வேனைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். புருஷன் கதவைத் திறந்து, ஒரு கையால் கதவு விளிம்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவளை அறைந்தான். அண்ணன் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தான். நிதானமாக நடந்து வந்து கதவைச் சாத்தினான். நான்கு விரல் உள்ளே இருந்தது.

"மாப்ளே" என்றான், கதவை அழுத்திப் பிடித்தபடியே. "இனிமே இவ மேல கை பட்டுச்சுன்னா, உன் தலைய பானெட்டுக்குள்ள வெச்சுச் சாத்துவேன். கேக்குதா?"

"கேக்குது மச்சான், கதவத் திற, கேக்குது!"

"பாப்பா, உனக்குக் கேட்டுச்சா?"

அவளுக்கு ஒரு காதில் கேட்டது. அது போதுமாக இருந்தது.

அண்ணன் தங்கிவிட்டான். ஷெட்டின் ஒரு மூலையில் பேட்டரியும் ஒயர் சுருள்களுமாகக் கடை பரப்பிக்கொண்டான். தெருக்காரர்கள் புருஷனுக்குப் பெட்ரோல் என்றும் அண்ணனுக்குக் கரண்ட் என்றும் பெயர் வைத்தார்கள். ஏனென்றால் எந்த வண்டி வந்தாலும் ஒருவன் பெட்ரோல் கோளாறு என்பான், மற்றவன் கரண்ட் கோளாறு என்பான். காலையில் கிளம்பாத வண்டி என்றால் சோக் சரியில்லை, குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று புருஷன் சொல்வான். பேட்டரி செத்துவிட்டது, பனி இறங்கி ஒயரெல்லாம் ஈரம் என்று அண்ணன் சொல்வான். ஓடி நின்ற பிறகு மத்தியானம் கிளம்பாத வண்டி என்றால் சண்டை இன்னும் பெரிது. சூட்டில் பெட்ரோல் கார்புரேட்டரில் கொதித்து வழிந்து எஞ்சினை நனைத்துவிட்டது என்பான் இவன். சூடேறினால் பொறி தருகிற காயில் சுருள் படுத்துவிடும், பொறி வராது என்பான் அவன். இரண்டும் நடக்கக்கூடியவைதான். உள்ளே உட்கார்ந்திருப்பவளுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான். சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றும், பிடிக்காது.

அவர்கள் நன்றாக அடித்துக்கொண்டார்கள். ஸ்பேனர் பறக்கும். அண்ணனின் முன்பல் ஒன்று பேட்டரித் தட்டில் விழுந்தது. ஆசிட்டில் போட்ட பல் என்ன ஆகும் என்று இருவரும் சண்டையை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புருஷனின் புருவத்தில் தையல் போட்டுக் காய்வதற்குள் அதே இடத்தில் இரண்டாம் தையல் விழுந்தது. ஒரு முறை ஜாக்கி போட்டுத் தூக்கிய லாரிக்கு அடியில் உருண்டு புரண்டார்கள், ஜாக்கி சரிந்தது, இருவரும் ஒரே பக்கமாக உருண்டதால் பிழைத்தார்கள். சாவிக்கு அதில் வருத்தமில்லை. ஒருவர் கை மற்றவர் மேல் விழுகிறவரை அவள் மேல் விழவில்லை. அவள் ஜன்னல் கண்ணாடியை ஏற்றுவதை விட்டுவிட்டாள். காற்று வந்தது.

ஒன்றுதான் பயம். புருஷன் சொன்னது தொடர்ந்து சரியாகிக்கொண்டே போனால் அண்ணனுக்கு முகம் சுருங்கும். "இங்க என்ன மயிருக்கு உக்காந்திருக்கேன்" என்பான். பெட்டியை எடுத்துத் தூசி தட்டுவான். அப்போதெல்லாம் அவள் தன் காலைப் பயன்படுத்தினாள்.

பானெட்டைத் தூக்கிவிட்டால் அவளுக்கு அவர்கள் தெரியமாட்டார்கள், அவர்களுக்கு அவள் தெரியமாட்டாள். ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதிக்கிறாள், மிதிக்கிறாளா இல்லையா என்பது அவளுக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். நனைந்த எஞ்சினுக்கு ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதித்துப் பிடித்துச் சாவி போட்டால் காற்று புகுந்து, இருமிவிட்டுக் கிளம்பும். மிதிக்காவிட்டால் கிளம்பாது. அண்ணன் ஒயரை நோண்டி முடிக்கும்வரை மிதிக்காமல் இருந்து, அவன் "இப்ப அடி பாப்பா" என்றதும் மிதித்தால் அது கரண்ட் கோளாறு. மிதிக்கும்போது கார்புரேட்டர் ஓரத்தில் ஒரு சின்ன லீவர் அசையும். பார்த்திருந்தால் புருஷன் கண்டுபிடித்திருப்பான். சண்டை போடுகிறவன் எஞ்சினைப் பார்ப்பதில்லை, எதிராளியின் வாயைப் பார்க்கிறான்.

இப்படி அவள் ஒரு வண்டியை இவனுக்கும் ஒரு வண்டியை அவனுக்கும் பங்கு வைத்தே காலத்தை ஓட்டினாள். வண்டிக்காரர்கள் என்னவோ கிளம்பிப் போனார்கள்.

பழைய டாக்ஸி ஒன்று வந்தது. ஓட்டி வருகிறவர் பருத்த மனிதர். ஷெட்டில் உட்கார நாற்காலி இல்லாததால் தன் வண்டியின் பின்சீட்டிலேயே சாய்ந்துகொண்டு வேலை நடப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பார். "காலையில சாவிய காட்டுனாலே கிளம்புது. சவாரிய இறக்கிட்டு ஒரு டீ குடிச்சுட்டு வந்தா, செத்த பாம்பாட்டம் கிடக்குது" என்றார்.

"பெட்ரோல்" என்றான் புருஷன்.

"காயில்" என்றான் அண்ணன்.

வண்டியை நன்றாக ஓட்டிச் சூடாக்கி வந்து அணைத்தார்கள். பானெட்டைத் தூக்கியதும் அனல் முகத்தில் அடித்தது. அதற்கு முந்தின நாள்தான் சாப்பாட்டுத் தட்டில் ஆரம்பித்து ஒரு பெரிய சண்டை நடந்திருந்தது. புருஷனின் கழுத்தில் நகக்கீறல் சிவந்திருந்தது.

"மச்சான், இன்னைக்கு ஒரு முடிவு பாத்துருவோம். இது பெட்ரோல்னு ஆச்சுன்னா நீ பெட்டியக் கட்டு. என் ஷெட்டு, என் பொண்டாட்டி, நடுவுல நீ யாரு?"

"கரண்ட்னு ஆச்சுன்னா?"

"நீ இங்கயே கெட. நான் வாயத் திறக்கல."

"அப்பிடிப் போடு. பாப்பா, ஏறு."

அவள் ஏறினாள். சாவியைத் தொட்டதுமே பெட்ரோல் வாடை உள்ளே வந்தது. முக்கி எடுத்த துணிபோல எஞ்சின் நனைந்து கிடக்கிறது. புருஷன் சொன்னது சரி. அண்ணன் பெட்டியோடு தெருவில் இறங்கினால், இரவு கவிவதற்குள் இத்தனை நாள் அடிக்காமல் விட்டதையெல்லாம் புருஷன் சேர்த்து அடிப்பான்.

"ஏய், தரையோட மிதிச்சுப் பிடி. பிடிச்சுட்டு அடி!" என்றான் புருஷன் பானெட்டுக்கு அந்தப் பக்கமிருந்து.

அவள் காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்து இருக்கைக்குக் கீழே மடக்கிக்கொண்டாள். சாவியைத் திருப்பினாள். எஞ்சின் சுற்றியது, சுற்றியது, பிடிக்கவில்லை.

"என்ன மாப்ளே, உன் பெட்ரோல் தூங்குதா?"

"இன்னொரு தடவ அடிடீ!"

அடித்தாள். பிடிக்கவில்லை. பின்சீட்டில் டாக்ஸிக்காரர் கொட்டாவி விட்டார்.

அதற்குப் பிறகு பானெட்டுக்குப் பின்னால் நடந்தது அவளுக்குத் தெரியாது. பின்னால் தெரிந்துகொண்டதுதான். தோற்கப் போகிறோம் என்று புருஷனுக்குத் தோன்றியிருக்கிறது. பெட்ரோல் எப்படிக் கொதிக்கிறது பார் என்று காட்டுவதற்காக கார்புரேட்டருக்குப் போகிற ரப்பர் குழாயைப் பிடுங்கி ஒரு பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் விட்டுப் பிடித்திருக்கிறான். அதே நேரத்தில், பொறி எவ்வளவு சோகையாக வருகிறது பார் என்று காட்டுவதற்காக அண்ணன் பிளக் ஒயரைக் கழற்றி, அதன் நுனியை இரும்புக்குப் பக்கத்தில் பிடித்திருக்கிறான். மெக்கானிக் தனியாக இருந்தால் இதைச் செய்யமாட்டான். ஒயர்மேன் தனியாக இருந்தால் செய்யமாட்டான். இரண்டு பேர் சேர்ந்து ஜெயிக்கப் பார்த்தால் இதுதான் நடக்கும்.

"அடி!" என்றான் ஒருவன்.

"அடி!" என்றான் இன்னொருவன்.

இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னது அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. திருப்பினாள்.

பானெட்டின் இரு பக்கமும் மஞ்சளாக எரிந்தது. புருஷன் கத்திக்கொண்டு பின்னால் போனான். சட்டைக் கை எரிந்துகொண்டிருந்தது. உருகிய பாட்டில் விரல்களில் ஒட்டிக்கொண்டு அதுவும் எரிந்தது. கையை உதறினான். உதறிய இடத்தில் பழைய துணிக் குவியல் பற்றிக்கொண்டது. டாக்ஸிக்காரர் "ஐயோ என் வண்டி, என் வண்டி" என்று மறுபக்கக் கதவு வழியாக உருண்டு விழுந்தார்.

அவள் இறங்கியபோது அண்ணன் மணல் வாளிக்குப் பக்கத்தில் நின்றான். அவன் மேல் நெருப்பு படவில்லை. கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு, எரிகிறவனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வண்டி கிளம்புமா கிளம்பாதா என்று பார்க்கிற அதே பார்வை.

"அண்ணே, மணலு!"

அவன் அசையவில்லை. அவள் அவனைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு வாளியைத் தூக்கினாள். புருஷன் மேல் கொட்டினாள். சாக்கைப் போட்டு மேலே விழுந்து அமுக்கினாள். அவளுடைய இடது பக்கத்து முடி பொசுங்கியது. அவனுடைய கையிலிருந்து தோல் ஒரு கையுறைபோல நழுவி அவள் உள்ளங்கையோடு வந்தது. அதற்குப் பிறகுதான் அண்ணன் இரண்டாவது வாளியை எடுத்து எஞ்சின் மேல் கொட்டினான்.

ஆஸ்பத்திரியில் எப்படி நடந்தது என்று கேட்டார்கள். "மச்சான் கரண்ட விட்டான்" என்று புருஷன் முனகினான். "மாப்ளே பெட்ரோல விட்டான்" என்றான் அண்ணன். சாவி போட்டது யார் என்று யாரும் கேட்கவில்லை.

புருஷன் தோள்வரை கட்டோடும் ஒரு கன்னத்தில் தீக்காயத்தோடும் வீட்டுக்கு வந்தான். வலது கை இனி மடங்காது என்றார்கள். ஷெட் வாசலில் ஒரு டயரின் மேல் உட்கார்ந்து இடது கையால் ஈ ஓட்டினான். அண்ணன் முழு ஷெட்டையும் தன் கைக்குள் கொண்டுவந்தான். சோறு முதலில் அவனுக்கு. தலையணை இரண்டு அவனுக்கு. "ஏ பாப்பா" என்று கூப்பிட்டவன், "ஏய்" என்று கூப்பிட ஆரம்பித்தான். அவள் அதைக் கவனித்தாள். கவனித்ததை நம்பாமல் இருந்தாள்.

டாக்ஸிக்கு ஒயர், குழாய், புதுக் காயில் எல்லாம் போட்டான் அண்ணன். காலையில் வந்து சாவியைத் திருப்பினார் டாக்ஸிக்காரர். உடனே கிளம்பியது.

"கரண்ட்னு அன்னைக்கே சொன்னேன். ஒருத்தன் கையச் சுட்டுக்கிட்டதுதான் மிச்சம்" என்றான் அண்ணன், டயர் பக்கம் பார்த்து.

டாக்ஸிக்காரர் வெயில் ஏறியபின் திரும்பி வந்தார். "சவாரி போயிட்டு நம்ம ஷெட்டு வாசல்ல நிறுத்தி அணைச்சேன். மறுபடியும் செத்த பாம்பு."

டயரின் மேல் உட்கார்ந்திருந்தவன் சிரித்தான். முகத்தில் தீக்காயத் தழும்பு இழுத்ததால் பாதி வாய்தான் சிரித்தது. தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அண்ணனின் காதுகள் சிவந்தன. நாலு பேராக வண்டியை ஷெட்டுக்குள் தள்ளினார்கள். டாக்ஸிக்காரர் மூச்சு வாங்கியபடி பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

"ஏய், உக்காரு. அடி."

அவள் அடித்தாள். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை.

"நான் சொல்றப்ப அடி. விடு. அடி. விடுன்னா விடுடீ!"

புருஷன் டயரைத் தட்டிச் சிரித்தான். "மச்சான், கரண்ட் போயிருச்சா?"

அண்ணன் பானெட்டைச் சுற்றி வந்தான். ஜன்னல் திறந்திருந்தது. கை உள்ளே வந்தது. அறை அவளுடைய கேட்கிற காதில் விழுந்தது. அவன் திரும்பிப் போய் எஞ்சினுக்குள் தலையை விட்டான்.

அவள் கன்னத்தைத் தொடவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தாள். கை வந்த விதம், கனம், விழுந்த இடம், திரும்பிப் போன நடை எல்லாம் அதேதான். கண்ணை மூடிக்கொண்டிருந்தால் ஆள் மாறியது தெரிந்திருக்காது. காதுக்குள் விசில் அடித்தது. அந்த விசிலுக்குள்ளேயே அவள் காலை எடுத்து ஆக்ஸிலேட்டரின் மேல் வைத்தாள். தரையோடு மிதித்தாள். சாவியைத் திருப்பினாள்.

வண்டி இருமியது. கறுப்பாகப் புகை விட்டது. பிடித்துக்கொண்டு ஷெட் அதிர உறுமியது.

"பெட்ரோல்!" புருஷன் துள்ளி எழுந்தான். "மிதிச்சா கிளம்புது பாத்தியா! பெட்ரோல்! அன்னைக்கே சொன்னேன்ல! மிதிக்கச் சொன்னேன்ல, மிதிச்சா..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றான். கட்டுப் போட்ட கையைப் பார்த்தான். பிறகு பானெட்டை இடது கையால் பிடித்துப் படாரென்று சாத்தினான். அவளைப் பார்ப்பதற்குத்தான். அண்ணன் தலையை இழுத்துக்கொள்ள அரை நொடிதான் இருந்தது.

"அன்னைக்கு நீ மிதிக்கல" என்றான் புருஷன்.

எஞ்சின் சத்தத்தில் அது அவளுக்குக் கேட்கவில்லை. அவன் வாயசைவில் தெரிந்தது.

"ஆமா" என்றாள். "மிதிக்கல. இவன் போயிட்டா நீ அடிப்பியேன்னு மிதிக்கல. இப்ப இவன் அடிக்கிறான். பெட்ரோல்தான். அண்ணே, நீ தோத்துட்ட. பெட்டியக் கட்டு."

அண்ணன் ஜன்னலுக்கு வந்து சாவியைப் பிடுங்கக் கையை விட்டான். புருஷன் தரையிலிருந்து வீல் ஸ்பேனரை எடுத்தான். இடது கை. பழக்கமில்லாத கைதான், ஆனாலும் இரும்பு கனமானது. முன்கண்ணாடி ஒரே அடியில் வெள்ளை வலையாக மாறியது. கண்ணாடித் துகள் அவள் நெற்றியில் தெறித்தது. இரண்டாவது அடியில் ஸ்பேனர் உள்ளே வந்து ஸ்டியரிங்கில் மோதியது. சாவியைப் பிடித்திருந்த அண்ணனின் மணிக்கட்டை அவள் கடித்தாள். உப்பும் கிரீஸும் ரத்தமுமாக வாய் நிறைந்தது. பல்லை விடாமலே ரிவர்ஸ் கியரைப் போட்டாள். ஷெட்டுக்குள் வண்டிகளை முன்னே பின்னே நகர்த்திப் பழகிய கை.

பல்லை எடுத்து, "குனிங்க!" என்று பின்சீட்டைப் பார்த்துக் கத்தினாள். டாக்ஸிக்காரர் குனிந்தார். பின்கண்ணாடியில் தெரு தெரிந்தது.

காலை அழுத்தினாள். வண்டி பின்னால் பாய்ந்தது. அண்ணனின் கை இன்னும் ஜன்னலுக்குள்தான் இருந்தது. ஷெட்டின் இரும்புக் கம்பம் வந்தது. பச்சைக் கட்டை முறிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஜன்னலில் கை இல்லை. புருஷன் பானெட்டின் மேல் தாவியிருந்தான். பிடித்துக்கொள்ள ஒரு கைதான் இருந்தது, அதிலும் ஸ்பேனர். தெருவில் அவள் ஸ்டியரிங்கை ஒடித்தபோது அவன் வழுக்கிக்கொண்டு போய் எண்ணெய் டிரம்களுக்கு நடுவே விழுந்தான். டிரம்கள் அவன் மேல் உருண்டன. அவன் அடியிலிருந்து திட்டுகிற சத்தம் வந்தது. உயிர் இருக்கிறது.

அண்ணன் கம்பத்தின் அடியில் தன் கையைத் தொடையில் வைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முழங்கைக்குக் கீழே அது வேறு பக்கம் திரும்பியிருந்தது.

அவள் முதல் கியரைப் போட்டாள். முன்கண்ணாடியில் ஸ்பேனர் போட்ட ஓட்டை வழியாகத்தான் பார்க்க முடிந்தது. அதன் வழியாகக் காற்று அடித்தது. வாயிலிருந்ததை ஜன்னலுக்கு வெளியே துப்பினாள். ஷெட்டும், டயரும், பின்னால் இருந்த அறையும் பக்கவாட்டுக் கண்ணாடியில் சிறுத்துக்கொண்டே போயின. அடுத்த கியரை அவள் இதுவரை போட்டதில்லை. ஷெட்டுக்குள் அதற்கு இடம் இருந்ததில்லை. கொஞ்சம் தடவித் தேடினாள், விழுந்தது.

பின்சீட்டிலிருந்து டாக்ஸிக்காரர் மெல்ல நிமிர்ந்தார். தலையிலிருந்த கண்ணாடித் தூளைத் தட்டிவிட்டார். வண்டியைப் பார்த்தார், அவளுடைய கழுத்தில் வழிகிற ரத்தத்தைப் பார்த்தார், எரிந்து குட்டையான முடியைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். காலமெல்லாம் கேட்டுப் பழகியதுதான் வந்தது.

"எங்கம்மா போகணும்?"

"நேரா" என்றாள் அவள்.